கழட்டின ஃப்ளெக்ஸ் எங்க போகுது?

கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, எதுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ். விழா ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். அந்த பேனர்?

பார்க்கத் துணி மாதிரி இருக்கும். உண்மையில நடுவுல பாலியஸ்டர் நூல்வலை, ரெண்டு பக்கமும் பிவிசி. சிக்கலே இங்கதான். உருக்கி மறுசுழற்சி பண்ணணும்னா ரெண்டையும் பிரிக்கணும், அது லேசுல நடக்காது. எரிச்சா இன்னும் மோசம்: பிவிசியில குளோரின் இருக்கு, ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டையாக்சினும் உருவாகலாம். அதனால சென்னையில அது போய்ச் சேர்ற இடம் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடு.

நம்ம மக்கள் இதுக்கு ஒரு வழி எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. குடிசைக் கூரை, தள்ளுவண்டிக்கு மறைப்பு. தலைவர் முகம் தலைகீழா மழையைத் தாங்கிட்டு இருக்கும்! சுவிட்சர்லாந்துல 1993-ல ஆரம்பிச்ச ஃப்ரைடாக் பழைய லாரி தார்ப்பாயில பை தைச்சே பிராண்ட் ஆச்சு. ஃப்ளெக்ஸ் அதைவிட மெலிசு, வெயில்ல காய்ஞ்சதுன்னா மடிப்புல கிழியும். பை தைக்கிறதா இருந்தா ரெண்டு அடுக்கா தைங்க. சாப்பாட்டுச் சாமான் மட்டும் வேண்டாம்.

அந்தப் பையும் ஒருநாள் குப்பைக்குத்தான் போகும், தள்ளிப்போடுறோம், அவ்வளவுதான். கேரளா 2019-ல பிவிசி ஃப்ளெக்ஸுக்கே தடை போட்டுச்சு. அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கறப்ப பருத்தித் துணியில அடிச்சுத் தருவீங்களான்னு கேளுங்க. தேதி போடாம அடிச்சா அடுத்த வருஷமும் கட்டலாம்.