‘லலிதா’ என்றால் என்ன பொருள்? பாட்டி காலத்துப் பெயருக்குள் ஒரு கிண்டி கதை

“பொண்ணு பொறந்தா லலிதான்னு வைக்கலாமா?” இதை உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். “ஐயோ, அது பாட்டி பேராச்சே!” என்றுதான் முதல் பதில் வரும். இரண்டாவது பதில் அந்தப் பாட்டியிடமிருந்தே வரலாம்: “ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?”

குறைச்சல் ஒன்றுமில்லைதான். பெயர்ப் பொருள் சொல்லும் தளங்களில் தேடினால் ‘அழகானவள், மென்மையானவள்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால், இந்தச் சம்ஸ்கிருதச் சொல்லின் வேர் ‘லல்’. அதற்கு விளையாடுவது என்று பொருள். விளையாட்டுப்போல இயல்பாக, சிரமம் தெரியாமல் வரும் நளினம்தான் ‘லலிதம்’. நுண்கலைகளுக்கு ‘லலித கலை’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். 1954-ல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாடமியின் சென்னை மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பெயர் இவ்வளவு பரவியதில் லலிதா சகஸ்ரநாமத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிரம்மாண்ட புராணத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இது, ஹயக்ரீவர் அகத்தியருக்கு உபதேசித்ததாக அமைந்தது. ‘ஸ்ரீமாதா’ என்று தொடங்கும் ஆயிரம் பெயர்களில் கடைசிப் பெயர் ‘லலிதாம்பிகா’. திருவாரூர் மாவட்டம் திருமீயச்சூரில் அந்தப் பெயரிலேயே அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள்.

சரி, இது தமிழ்ப் பெயரா? தொல்காப்பியக் கணக்குப்படி ‘ல’ சொல்லுக்கு முதலில் வராது. லங்கா ‘இலங்கை’ ஆனதும், லட்சுமி ‘இலக்குமி’ ஆனதும் அப்படித்தான். ஆனால் ‘இலலிதா’ என்று யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கூப்பிட்டுப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்! இலக்கணத்தை மீறியே இந்தப் பெயர் வீட்டுக்குள் வந்து ‘லல்லி’யும் ஆகிவிட்டது.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் லலிதாக்களும் உண்டு. எம்.எல்.வசந்தகுமாரியின் இனிஷியலில் இருக்கும் ‘எல்’, பாடகியான அவருடைய அம்மா லலிதாங்கி. அப்பா பெயரே இனிஷியலாக இருந்த காலத்தில் அம்மா பெயர்! திருவிதாங்கூர் சகோதரிகளில் மூத்தவர் லலிதா. ஜெயலலிதாவின் பெயர், குடும்பத்துக்கு மைசூரில் இருந்த ஜெய விலாஸ், லலித விலாஸ் என்ற இரு வீடுகளிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள்.

கிண்டி லலிதா

ஆனால், நான் இந்தப் பெயருக்கு ஓட்டுப் போடக் காரணம் வேறொரு லலிதா. மெட்ரோவில் கிண்டி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

அய்யலசோமயாஜுல லலிதா, 1919-ல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம். 1937-ல் கணவர் இறந்தபோது அவருக்கு 18 வயது, மகளுக்கு நான்கு மாதம். அந்தக் காலத்தில் ஓர் இளம் விதவையை வீட்டின் பின்கட்டோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். லலிதா படிக்க முடிவு செய்தார். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசி, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மகளுக்கு இடம் வாங்கினார். கைக்குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்தார் லலிதா. அவரைத் தொடர்ந்து பி.கே.த்ரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள்.

இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் என்று லலிதாவைச் சொல்வார்கள். அவர் பட்டம் வாங்கியபோது, ஆங்கிலச் சான்றிதழில் அச்சாகியிருந்த ‘ஹீ’யை அடித்துவிட்டு ‘ஷீ’ என்று திருத்த வேண்டியிருந்தது. பெண்ணுக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று அச்சடித்தவர்கள் நினைத்திருக்கவில்லை.

பிறகு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, கொஞ்ச காலம் சிம்லாவில் வேலை, அதன்பின் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. என்ற நிறுவனத்தில் நீண்ட பணி. மின்கடத்திப் பாதைகள், துணைமின் நிலையங்களின் வடிவமைப்புதான் அவருடைய வேலை. பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்தி இயந்திரப் பணியிலும் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். 1979-ல் காலமானார். ‘மென்மையானவள்’ என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இவரைப் புரிந்துகொள்ள முடியாது.

பெயர் வைக்கப்போகிறீர்களா?

ஆங்கில எழுத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். ‘த’ ஒலிக்கு நாம் ‘டி’யோடு ‘ஹெச்’ சேர்ப்போம். வடக்கே சேர்க்க மாட்டார்கள். டெல்லி ஆபீஸில் அந்த ‘ஹெச்’ காணாமல் போகலாம். ஆதார், பாஸ்போர்ட், மார்க் ஷீட் மூன்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். வெளிநாட்டு நண்பர்கள் ‘லோலிட்டா’வா என்று கேட்டால், அது ஸ்பானிஷ் ‘டொலோரெஸ்’ஸின் செல்லப்பெயர், இதற்கும் அதற்கும் உறவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அவசரமும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைப் பதிவுசெய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். குரூப்பில் சண்டை போட்டு முடிக்க அது தாராளம்.