கடல் காணாத உப்பு நகரம்

உப்பு என்றவுடன் கடற்கரையை நினைப்பது நம் வழக்கம். மேற்குச் சீனத்தின் சிச்சுவான் மாநிலத்திலுள்ள சிகோங் நகரமோ கடலுக்கு நெடுந்தொலைவில் இருந்துகொண்டே உப்பால் செழித்தது. சிலியூசிங், கோங்சிங் என்னும் இரண்டு உப்புக் கிணற்று ஊர்களை 1939இல் இணைத்தபோது, அவற்றின் முதற்பகுதிகளே சேர்ந்து நகரின் பெயராயின. சிலியூசிங் என்பதற்குத் 'தானே வழியும் கிணறு' என்பது பொருள். பெயர் அவ்வாறிருப்பினும், ஆழத்து உவர்நீரை மேலே கொணர மக்கள் பட்ட பாடு சிறிதன்று.

மூங்கிற்பட்டையால் திரித்த கயிற்றில் கனத்த இரும்பு உளியைத் தொங்கவிட்டு, மிதிபலகையை ஆட்கள் மாறிமாறி மிதித்துப் பாறையைச் சிறிது சிறிதாக இடித்தனர். துளையின் அகலம் ஒரு சாண்கூட இராது. ஷென்ஹாய் கிணறு 1823இல் தொடங்கப்பெற்று, 1835இல் 1,001 மீட்டரை எட்டியது. உலகில் ஆயிரம் மீட்டரைக் கடந்த முதற்கிணறு அதுவே. அடியில் தோல் தடுக்கு பொருத்திய நீண்ட மூங்கிற்குழாயில் உவர்நீர் நிரம்பும். எருமைகள் சுற்றும் பேருருளை அதனை மேலிழுக்கும். நிலத்தடியிலிருந்து கிடைத்த எரிவாயுவே கொப்பரைகளுக்கு எரிபொருளாயிற்று. கொதிக்கும் நீரில் சோயாப் பாலை ஊற்ற, அழுக்குத் திரண்டு மிதக்கும். அதனை வழித்தெடுத்தபின் வெண்மையான உப்புக் கிட்டும்.

பல்லாண்டு தோண்டியும் பயன் கிட்டுமா என்பது உறுதியில்லை. அவ்விழப்பைத் தனியொருவர் தாங்கவியலாது. ஆகவே, கிணற்று வருவாயை மாதத்தின் 30 நாள்களைப் போல் 30 பங்குகளாக்கினர். நிலம் தந்தவர்க்கு இத்தனை நாள், முதலிட்டவர்க்கு இத்தனை நாள் என ஒப்பந்தம் எழுதினர். பங்கை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். மேலைநாட்டு நிறுவனச் சட்டம் சீனத்தை எட்டுமுன்னரே இம்முறை அங்கு வேரூன்றியிருந்தது. நாம் கருதுவது, ஆழ்துளையினும் வியப்புக்குரியது இவ்வொப்பந்தமே என்பதாகும்.

எனினும், இந்நகரின் பெருஞ்செல்வம் பிறர் அல்லலோடு பின்னியது என்பதையும் மாணவர் நோக்குதல் வேண்டும். 1850களில் தைப்பிங் கிளர்ச்சியாளர் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியை அடைத்தமையால், கடலோர உப்பு ஹூபெய், ஹூனான் மாநிலங்களைச் சென்றடையவில்லை. அங்கே சிச்சுவான் உப்பை விற்க அரசு இசைந்தது. சிகோங் வணிகர் கொழித்தனர். 1937இல் மூண்ட போரில் கரையோர உப்பளங்கள் ஜப்பானியர் வசமானபோது, சிகோங் கிணறுகளுக்கு மீண்டும் ஏற்றம் வந்தது. நகரத் தகுதி கிட்டியதும் அவ்வேளையில்தான்.

ஷென்சி வணிகர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சங்க மண்டபம் இன்று உப்பு வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஷென்ஹாய் கிணற்றடியில், காண வருவோர் முன்னிலையில், பழைய முறைப்படி இன்றும் உப்புக் காய்ச்சுகின்றனர்.