வளாக வாசலில் துப்பாக்கி



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் பேச எடுத்துக்கொண்டது, பண்ருட்டியிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் படிக்கப் போய்வரும் பிள்ளைகளைப் பற்றியது. பல்கலைக்கழக வளாகத்தைக் காக்கிறவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பெண் மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை அங்கே இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் "காவலைக் கூட்டுங்கள்" என்று கேட்டால், அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அந்தப் பயம் உண்மையானது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்கு இருப்பதுபோல நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. வாசலில் நிற்பவர் ஒப்பந்த செக்யூரிட்டி. பல நேரம் நம் தெருவைச் சேர்ந்த அண்ணனோ சித்தப்பாவோதான். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாலும் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது. சுட்டுவிட்டால் அவர் காட்டக்கூடிய காரணம் தற்காப்பு உரிமை ஒன்றுதான். அது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமை, அதற்குமேல் ஒன்றுமில்லை. போலீஸ் கதை வேறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவின்படி, அமைதி கெடும் என்று கருதினால் ஐந்து பேர் கூடிய கூட்டத்தையே கலைந்துபோகச் சொல்லலாம். போகாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். அப்படிக் கலைத்தவர்மீது வழக்குத் தொடுக்க அரசின் முன்அனுமதி வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. ஐந்து பேர் என்றால் ஒரு விடுதி அறைக்குள் அடங்குகிற கூட்டம்.

சிதம்பரத்துக்கு வருவோம். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. இராசேந்திரன் என்ற மாணவர் செத்தார். இன்று அவருக்குப் பல்கலைக்கழகத்தில் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை விழுகிறது. 1971இல் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் தருவதை எதிர்த்த மாணவர்கள்மீது தடியடி. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடந்தது. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. இந்த இரண்டையும் திராவிட இயக்க வரலாறு ஏதோ ஒரு பக்கம் நின்று எழுதிவைத்திருக்கிறது. நாம் சேர்க்க வேண்டியது மூன்றாவது. 1992இல், பல்கலைக்கழகத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், திருட்டு வழக்கு விசாரணை என்று கொண்டுபோகப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளி இறந்தார். அவருடைய மனைவியைப் போலீஸ்காரர்களே கூட்டு வல்லுறவு செய்தார்கள். வளாகத்துக்கு மிக அருகில் இருந்த 'பாதுகாப்பு' அது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் இதே கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. 2007இல் வர்ஜீனியா டெக்கில் ஒருவன் 32 பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு, ஆயுதமில்லாத காவலால் பயனில்லை என்ற வாதம் அந்நாட்டில் வலுத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தும், 2014 டிசம்பரில் ஆயுதப் போலீஸ் அமைக்கப் போர்ட்லண்ட் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. 2018 ஜூனில் அந்தப் போலீசாரின் குண்டுக்குப் பலியானவர் ஜேசன் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர். முன்னாள் கடற்படை வீரர். மதுக்கூடத்துக்கு வெளியே நடந்த சண்டையை விலக்கப் போனவர். பிறகு ஆயுதமில்லாத ரோந்து என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. ஒருமுறை இடுப்பில் ஏறியது சுலபத்தில் இறங்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

'துப்பாக்கி வேண்டாம்' என்று சொன்னதோடு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2008 நவம்பர் 12, சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி. சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டதில் முற்றிய பகை அது. அன்று அடித்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. உள்ளே மாணவர்கள் விழுந்து கிடக்க, போலீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. முதல்வர் கூப்பிடவில்லை, அதனால் உள்ளே போகவில்லை என்றார்கள். ஊர்வலம் போனவனைச் சுட உத்தரவு கிடைக்கிறது, அடிவாங்குகிறவனைத் தூக்க உத்தரவு கிடைப்பதில்லை. இரண்டு இடத்திலும் ஆயுதம் இருந்தது. அது யார் சொல்லுக்கு, யாருக்காக அசைந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் பாருங்கள். குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டுச் சிறையுடன் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த மாணவியின் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ஓட்டையைத் துப்பாக்கி அடைக்காது. துணிந்து வந்து புகார் சொன்னால் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கையே அந்தப் பெண்ணுக்கு முதல் காவல். விளக்கு எரியும் பாதை, இரவு பேருந்து, பெண் காவலர் எல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் நம் நிலைப்பாடு இது: ஆயுதம் கூடாது. ஆனால் பதில் சொல்லக் கடமைப்பட்ட காவல் வேண்டும். வாசலில் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று அடையாள அட்டையைத் தாண்டிக் கேட்கிற காவலரைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகளின்படி, பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரை ஒவ்வொரு நிறுவனமும் நியமித்திருக்க வேண்டும். அவர் பெயரும் அறை எண்ணும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். பாதுகாப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, காவலர்களில் பெண்கள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டுகளில் காவலர்கள்மீது வந்த புகார்கள் எத்தனை, வளாகத்துக்குள் போலீசை அழைக்கும் முடிவை யார் எழுத்தில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வர முப்பது நாள் கெடு. வந்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து படிப்போம்.