தலை அளவும் தலைப்புச் செய்தியும்

வானூர்ப் பக்கத்தில் டாக்டர் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், பலரும் பஸ் ஏறுவது புதுச்சேரிக்குத்தான். எல்லையைத் தாண்டினால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே பெண்களுக்குக் கொஞ்ச நேரம் கூடவே பிடிக்கும். தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காந்தத்தின் அருகே உலோகம் ஆகாது. உள்ளே போனதும் தலையைக் கூண்டு போன்ற ஒன்றுக்குள் பொருத்தி, அவசரம் என்றால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் தருவார்கள். பிறகு ஒரே ஒரு கட்டளை: "அசையாம படுங்கம்மா."

ஆணின் மூளையும் பெண்ணின் மூளையும் வேறா என்ற பெரிய வழக்கில் இந்த அசைவுக்கும் பங்கு உண்டு.

2013 டிசம்பரில் உலகப் பத்திரிகைகள் ஒரு செய்தியைக் கொண்டாடின. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ராகிணி வர்மாவின் குழு, 8 முதல் 22 வயது வரையிலான 949 பேரின் மூளையை ஸ்கேன் செய்திருந்தது. ஆய்வறிக்கையின் முதல் பெயர் மதுரா இங்கல்ஹலிகர். ஆண்களுக்கு மூளையின் ஒவ்வொரு பாதிக்குள்ளும் இணைப்புகள் அதிகம், பெண்களுக்கு இடமும் வலமும் கைகோக்கும் இணைப்புகள் அதிகம் என்றது அறிக்கை. ஆண்களுக்கு வழி கண்டுபிடிக்க வரும், பெண்களுக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க வரும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. "பொம்பளைக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு விஞ்ஞானமே சாட்சி சொன்னது போலாகிவிட்டது.

அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இந்த வகை ஸ்கேன் நரம்பிழைகளைப் படம் பிடிப்பதில்லை. மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்று அளக்கிறது. இழை ஓடும் திசையில் நீர் சுலபமாக நகரும், குறுக்கே தடைபடும். அந்த அளவுகளைக் கோத்துக் கணினி பாதைகளை ஊகிக்கிறது. ஊரெல்லாம் பரவிய அந்த நீல, ஆரஞ்சுப் படத்தில் இருந்தவை சராசரியில் வேறுபட்ட இணைப்புகள் மட்டுமே. இருபாலருக்கும் பொதுவானவை படத்துக்குள் வரவே இல்லை. 13 வயதுக்கு உட்பட்டவர்களிடம் வேறுபாடு சொற்பம் என்று அதே அறிக்கை சொன்னதும் தலைப்புகளில் காணாமல் போனது.

அடுத்தது தலையின் அளவு. உடலைப் போலவே ஆண்களின் மூளையும் சராசரியாகப் பெரியது. வித்தியாசம் ஏறக்குறைய 11 சதவீதம். ஊர் பெரிதானால் மறுகோடிக்குப் போய்வருவது சிரமம், காரியங்கள் பக்கத்துத் தெருவிலேயே முடிந்துவிடும். பெரிய மூளையிலும் அதுதான் நடக்கிறது. 2014இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தின் லுட்ஸ் யாங்கே குழு ஆண்களையும் பெண்களையும் மூளை அளவை வைத்துப் பார்த்தது. இணைப்பு முறையைத் தீர்மானித்தது பாலினம் அல்ல, மூளையின் பருமன்தான் என்று தெரிந்தது. பெரிய மூளை கொண்ட பெண்ணுக்கும் 'ஆண் வயரிங்'தான்.

இனி அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவு போதும். மூளை வேலை செய்வதைப் பார்க்கும் இயக்க ஸ்கேனில் தூரத்து இணைப்புகள் குறைந்தும் பக்கத்து இணைப்புகள் கூடியும் தெரியும். சோதனைக்கு வந்த இரு கூட்டத்தில் ஒன்று மற்றொன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைந்தாலும், அது மூளையின் வேறுபாடாகக் கணக்கில் ஏறிவிடும். பென்சில்வேனியா ஆய்வாளர்களே 2012இல் சிறுவர், இளைஞர் ஸ்கேன்களை வைத்து இதை எச்சரித்திருந்தார்கள்.

அச்சுக்கு எது போகிறது என்பதும் முடிவை வளைக்கிறது. பாலின வேறுபாடு பற்றிய 179 மூளை ஸ்கேன் கட்டுரைகளை 2018இல் ஒரு குழு அலசியது. 158 கட்டுரைகள் 'வேறுபாடு உண்டு' என்றே முடிந்திருந்தன. அதிகம் பேரைச் சோதித்தால் அதிக இடங்களில் வேறுபாடு தென்பட வேண்டும்; அப்படியும் இல்லை. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்ற ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்வதும் நேர்மையாகாது. 2024இல் ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனன், ஸ்ரீகாந்த் ரியாலி குழு சுமார் 1,500 இளைஞர்களின் இயக்க ஸ்கேன்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தது. ஆணா பெண்ணா என்பதை அது 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. ஆனால், அந்த வேறுபாடு பிறப்பிலேயே வந்ததா, ஹார்மோனாலா, வளர்ப்பாலா என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

இன்னொரு விஷயம் நமக்கு மிக நெருக்கமானது. எந்த மூளையையும் அளக்க ஒரு முன்மாதிரி வேண்டும். 1988இல் வெளியான 'தலைராக்' என்ற மூளை வரைபடம் 60 வயதான ஒரே ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் மூளையை வைத்து வரையப்பட்டது. பின்னர் கனடாவின் மான்ட்ரியலில் உருவான முன்மாதிரியில் 305 பேர். அதில் 239 பேர் ஆண்கள், 66 பேர்தான் பெண்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்த மரபில் வந்த முன்மாதிரிகளோடுதான் இன்றும் ஒப்பிடுகிறார்கள். நம் நாட்டில் 2019இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யின் ஜெயந்தி சிவசாமி குழு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துடன் சேர்ந்து 50 ஆண்கள், 50 பெண்களைக் கொண்டு இந்திய மூளை வரைபடத்தை உருவாக்கியது. நம் மூளை சராசரி அளவில் மேலை நாட்டினருடையதைவிடச் சிறியது என்று தெரிந்தது. அளவுகோல் பொருந்தாவிட்டால், இயல்பான மூளையும் சுருங்கிய மூளையாகத் தெரியக்கூடும்.

அந்த நூறு பேரும் 21 முதல் 30 வயதுக்காரர்கள். 2020இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களின் பங்களிப்போடு வந்த ஐந்து முன்மாதிரிகள் 6 வயது முதல் 60 வயது வரைக்கானவை. மறதி கூடிப் போய் ஸ்கேனுக்கு வரும் எழுபது வயதுப் பாட்டி இந்த இரண்டு கணக்கிலும் இல்லை. அவர் தலை சிறியது என்பதையும், அவர் மூளை சுருங்குகிறது என்பதையும் பிரித்துச் சொல்ல அவர் வயதுப் பெண்களின் ஸ்கேன்கள் வேண்டும்.