ஆளில்லாத காவல்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் முன்னோருக்கு உடையவரின் நினைவு வந்தது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் குழந்தைகள்கூட மோட்டார் வண்டியையும் கைபேசியையும் நினைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று, ஏரிக்கரையும் நெல்வயலும் தவிர வேறு அடையாளம் இல்லாதிருந்த கிராமங்களின் பெயர்கள் தூரதேசத்து வியாபாரிகளின் நாவிலும் இப்போது புரளுகின்றன. நமக்குப் பெருமை தரும் விஷயந்தான், சந்தேகமில்லை. ஆனால் பெருமைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

ஷிப்டு மாறும் நேரத்தில் பிள்ளைப்பாக்கத்துச் சாலையோரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்களில் திருவண்ணாமலைப் பையன் உண்டு. தென்காசிப் பையன் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. அநேகமாக எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தாய் தகப்பனை விட்டு, ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி, ஒரு வாரம் இரவிலும் ஒரு வாரம் பகலிலுமாகத் தூங்கி விழிப்பவர்கள். மாதக் கடைசியில் கையில் ரொக்கம் இருக்கிறது. கேட்பதற்கு வீட்டில் பெரியவர் இல்லை. கஞ்சாப் பொட்டலம் விற்கிறவனுக்கு இதைவிட நல்ல சந்தை வேறு எங்கே கிடைக்கும்?

நம்மிடம் பத்தாவது வகுப்புப் படித்த பையன் ஒருவன் இப்படித்தான் அகப்பட்டுக்கொண்டான். இரவு வேலை முடிந்தால் பகலில் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்தது. பிறகு அது இல்லாமல் வேலைக்கே போக முடியவில்லை என்று ஆயிற்று. அவனுடைய தகப்பனார் ஒருநாள் இரவு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "சார், போலீஸிலே சொல்லலாமா? சொன்னால் விற்கிறவனைப் பிடிப்பார்களா, என் பிள்ளையைப் பிடிப்பார்களா?" என்று கேட்டார்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்டுப் பழகிய நமக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் ஒரு தலைமைக் காவலர். எழுத்து வேலை, டெலிபோன், வாசலில் காத்திருந்த அடிதடி வழக்கு எல்லாம் அவர் ஒருவரிடமே. மற்றவர்கள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். நம் வார்த்தையை அவர் அலட்சியம் செய்யவில்லை, பொறுமையாகவே கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, விற்கிறவனைப் பிடிப்பது ஒருநாள் வேலை. அவனுக்குக் கொடுத்தவனைத் தேடுவது ஆறு மாத வேலை. அந்த ஆறு மாதத்துக்கு யாரை அனுப்புவது?"

அந்த வார்த்தை இன்றளவும் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

சட்டத்தில் குறை என்று சொல்வதற்கில்லை. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம் கடுமையானதுதான். கஞ்சா ஒரு கிலோ வரையில் 'சிறிய அளவு'. அதற்கு ஒரு வருஷம் வரை தண்டனை. இருபது கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. அதற்குப் பத்து முதல் இருபது வருஷம். தண்டனை இவ்வளவு கடுமையாக இருப்பதால், நிரபராதி சிக்கிவிடக் கூடாதென்று சட்டம் வழிமுறைகளையும் கண்டிப்பாக வகுத்திருக்கிறது. கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஒருவரது உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்டிரேட் அல்லது கெஜட்டில் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். மாதிரி எடுத்து ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வணிக அளவு வழக்கில் 180 நாளில் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதுமான ஆயுதமாகிவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தை மதித்து நடக்க வேண்டியது முதலில் சர்க்காரின் கடமை அல்லவா?

பறிமுதல் செய்த சரக்கைப் பாதுகாக்க இடமும் ஆளும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 2020-ல் இருபத்திரண்டு கிலோ கஞ்சாவுடன் இருவர் கைதானார்கள். 2023-ல் வழக்கு முடிவுக்கு வந்தபோது, பரிசோதனைக்கு எடுத்த சிறு அளவு போக மற்றதை எலிகள் தின்றுவிட்டன என்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. இருவரும் விடுதலையானார்கள். எலிகள் என்ன ஆயின என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை! ஊரார் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மூன்று வருஷத்து உழைப்பு வீணாய்ப் போயிருந்தது. கைப்பற்றிய போதைப் பொருள்கள் நாடெங்கும் கிடங்குகளில் குவிந்து கிடப்பதைச் சுப்ரீம் கோர்ட் 2016-லேயே கண்டித்து, அவற்றை முறைப்படி அழிக்க உத்தரவிட்டிருந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

முயற்சியே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸார் 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் மாநிலமெங்கும் சோதனை நடத்தினார்கள். 2022-லும் 2023-லும் அதைத் தொடர்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். நம் வகுப்புப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். ஆந்திர மலைக்காடுகளில் பயிரை வெட்டி எறிந்த அந்த மாநிலப் போலீஸார், 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆனாலும் வேட்டை என்பது சில வாரத்து விஷயம். காவல் என்பது தினந்தோறும் நடக்க வேண்டிய விஷயம். வேட்டை முடிந்து வேட்டைக்காரர் திரும்பியதும் நரி புதரைவிட்டு வெளியே வருவது இயற்கைதானே?

இனி பணத்தைப் பற்றிப் பேசுவோம். 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டுப் போலீஸுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. சிறிய தொகை அல்ல. ஆனால் போலீஸ் செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. புலனாய்வுக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் மிஞ்சுவது சொற்பம். அன்றியும், ஒரு வட்டாரத்துக்கு இத்தனை போலீஸார் போதும் என்று கணக்கிடும்போது அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அந்தக் கணக்கு எது? 2011-ம் வருஷத்து ஜனத்தொகை! 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வருஷம் நடைபெறவில்லை. இதற்கிடையில் வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வாசலுக்குள் ஒரு சிறு பட்டணம்! 2011-ல் இல்லாத இந்த ஜனங்களுக்கு எந்தக் கணக்கில் காவல்?

தொழிற்சாலைகளே பணம் கொடுக்கட்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். காமிராவும் சாலை விளக்கும் அவர்கள் தரலாம், நன்றியோடு ஏற்கலாம். ஆனால் காவலரின் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்தே வர வேண்டும். முதலாளியின் கொடையில் நடக்கும் போலீஸ், தொழிலாளியின் புகாரை எந்த முகத்தோடு விசாரிக்கும்?

பணமில்லாமல் நல்ல சட்டம் நிலைக்காது என்பதை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, வருமானம் குறையும் என்பதை மறைக்கவில்லை. 1939-ல் விற்பனை வரி விதித்து அந்தக் குறையை ஈடுசெய்ய முயன்றார். அன்னிய ஆட்சியோ அபினையும் கஞ்சாவையும் லைசென்ஸ் கொடுத்து விற்று வருமானம் தேடிற்று. சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் 47-வது பிரிவில், உடல் நலத்தைக் கெடுக்கும் மதுவையும் போதைப் பொருள்களையும் விலக்கச் சர்க்கார் முயல வேண்டும் என்று சொல்லுகிறது. எழுதி வைத்ததை நிறைவேற்ற ஆளும் பணமும் வேண்டாமா?

செய்ய வேண்டியது என்ன? புலனாய்வையும் பந்தோபஸ்தையும் வேறு வேறு ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் அதை முழு அளவில் செய்து பார்க்கலாம். ஒரு சிறு படை. அதில் பெண் காவலரும், ஹிந்தியும் ஒடியாவும் அறிந்தவரும் இருக்கட்டும். திருவிழாவுக்கும் மந்திரி வருகைக்கும் அவர்களை அழைக்க வேண்டாம். பொட்டலம் விற்கிற பையனிலிருந்து புறப்பட்டு மூட்டை அனுப்புகிறவன் வரையில் நூலைப் பிடித்துக்கொண்டு போவதே அவர்களுடைய வேலை. எத்தனை பேரைக் கைது செய்தோம் என்பதல்ல, எத்தனை வழக்கு கோர்ட்டில் நிலைத்தது என்பதே அவர்களுக்கு அளவுகோலாக இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சரக்கு வடக்கிலிருந்து வருகிறது என்பதற்காக வடக்கிலிருந்து வந்த தொழிலாளியையெல்லாம் சந்தேகிப்பது பாவம். அவனும் நம் திண்ணைக்கு வந்த தகப்பனாரைப் போன்ற ஒருவரின் பிள்ளைதான்.

அந்தத் தகப்பனாருக்கு விடை இதுதான்: போதைக்கு அடிமைப்பட்டுச் சிறிய அளவோடு அகப்பட்டவன் தானாகவே சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சையை முடித்தால், அவன்மீது வழக்கு நடத்தாமல் விடச் சட்டத்தில் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள், அழைத்துக்கொண்டு போங்கள்.

நம் மாணவன் சிகிச்சை பெற்றுத் தேறிவிட்டான்; இப்போது பகல் ஷிப்டுக்குப் போகிறான். அவனுக்கு விற்றவன் அடுத்த தெருவுக்கு மாறியிருப்பதாகக் கேள்வி. அந்தத் தெருவிலும் ஒரு தகப்பனார் இருப்பார். அவர் நிலையத்துக்குப் போகும்போதாவது, அவருக்குப் பதில் சொல்லவும் அவரோடு புறப்படவும் அங்கே ஆள் இருக்க வேண்டும்.