வீட்டில் கட்டிய அமெச்சூர் வானொலிக் கருவியில் பழுது கண்டறிதல்

வானொலிக் கருவியில் பழுது கண்டறிதல் என்பது, அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் உதிரி உறுப்புகளைக் கொண்டு தாமே கட்டிய கருவி இயங்காதபோது, பிழை உள்ள இடத்தை அளவீடுகளின் மூலம் படிப்படியாகக் குறுக்கிக் கண்டுபிடிக்கும் முறையாகும். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இதனின்று வேறுபட்டது. புதிய உறுப்புகளால் கட்டிய கருவியில் உறுப்பே கெட்டிருப்பது அரிது. தவறான பற்றவைப்பு, மதிப்பு மாறிய உறுப்பு, கால்கள் மாறிய இணைப்பு ஆகியவையே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம்.

எடுத்துக்காட்டுக் கருவி

இக்கட்டுரை பிட்எக்ஸ்20 என்னும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் முற்பகுதியில் இதை வடிவமைத்தார். எளிதில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே இதைக் கட்டலாம். 14 மெகாஎர்ட்சு அலைவரிசையில் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசவும் கேட்கவும் இது பயன்படும். வெளியீட்டுத் திறன் ஏறத்தாழ 6 வாட்.

மின்னிணைப்புக்கு முன்

கருவிக்கு மின்சாரம் தருமுன் பலகையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்வையிடுதல் வேண்டும். கவனிக்க வேண்டியவை:

* மங்கலாகவும் உருண்டையாகவும் நிற்கும் பற்றவைப்புகள். இவற்றை மீண்டும் சூடாக்கிச் சரிசெய்யலாம்.
* மின்தடைய நிறங்கள். பழுப்பு-கறுப்பு-சிவப்பு 1 கிலோஓம். பழுப்பு-கறுப்பு-செம்மஞ்சள் 10 கிலோஓம். மங்கிய ஒளியில் இவ்விரண்டும் குழம்பும்.
* மின்தேக்கி எண்கள். 103 என்பது 0.01 மைக்ரோஃபாரட், 104 என்பது 0.1 மைக்ரோஃபாரட்.
* சுருள்கள். செப்புக் கம்பியின் எனாமல் பூச்சைச் சுரண்டாமல் பற்றவைத்தால் இணைப்பு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் மின்னோட்டம் செல்லாது.
* டிரான்சிஸ்டர் கால்கள். தட்டையான பக்கம் நம்மை நோக்கியும் கால்கள் கீழ் நோக்கியும் இருக்க, 2என்3904-இன் கால்கள் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர் என அமையும். பிசி547-இல் இவ்வரிசை தலைகீழாகும்.

கடைசிப் பிழை ஏமாற்றக்கூடியது. எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் ஓரளவு இயங்கும். பெருக்கம் மட்டும் மிகவும் குறையும். கருவி முற்றிலும் நின்றுபோகாததால், கட்டியவர் ஆண்டெனாவையே குறைகூற நேரிடும்.

நேர்மின்னழுத்த அளவீடு

முதன்முறை மின்சாரம் தரும்போது 12 வோல்ட் இணைப்பில் ஒரு சிறு 12 வோல்ட் விளக்கைத் தொடராக இணைப்பது நலம். பலகையில் குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு பிரகாசமாக எரியும், உறுப்புகள் தப்பும்.

குறுக்குச்சுற்று இல்லையெனில் விளக்கை நீக்கிவிட்டு மல்டிமீட்டரால் அளக்கலாம். இயங்கும் நிலையிலுள்ள என்பிஎன் சிலிக்கன் டிரான்சிஸ்டரில் பேஸ் மின்னழுத்தம் எமிட்டரைவிட ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் உயர்ந்திருக்கும். ஒலிபெருக்கும் எல்எம்386 சில்லில் 6ஆம் காலில் 12 வோல்ட் இருந்தால் 5ஆம் காலில் அதன் பாதி, அதாவது ஏறத்தாழ 6 வோல்ட் இருத்தல் வேண்டும்.

குறிகையைப் பின்தொடர்தல்

மின்னழுத்தங்கள் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால், ஒலிபெருக்கியிலிருந்து ஆண்டெனாவை நோக்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒலியளவுக் கட்டுப்பாட்டின் நடுக்காலை உலோகத் திருப்புளியின் முனையால், விரல் உலோகத்தில் படுமாறு தொட்டால் உறுமல் கேட்கும். கேட்டால் அதற்குப் பின்னுள்ள ஒலிப்பகுதி நன்று. பிழை அதற்கு முன்னே உள்ளது. 10 மெகாஎர்ட்சு அலையியற்றி இயங்குகிறதா என்பதை அருகில் வைத்த சிற்றலை வானொலியால் அறியலாம். அந்த இடத்தில் இரைச்சல் அடங்கினால் அலை பிறக்கிறது எனப் பொருள்.

பிட்எக்ஸின் அமைப்பே தேடலைச் சுருக்குகிறது. படிக வடிகட்டி, கலப்பிகள், அலையியற்றிகள் ஆகியவை பேசவும் கேட்கவும் பொதுவானவை. கேட்க முடிந்து பேச மட்டும் முடியாவிட்டால், இவற்றில் பழுதில்லை. ஒலிவாங்கிப் பெருக்கி, பேசும்போது மட்டும் 12 வோல்ட் பெறும் இணைப்பு, அதனால் இயங்கும் டிரான்சிஸ்டர்கள், இறுதித் திறன் பெருக்கி ஆகியவற்றை மட்டும் சோதித்தால் போதும். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசாதபோது வெளியீடு இராது. அதைப் பழுதெனக் கொள்ளலாகாது. ஒலிவாங்கியில் சீழ்க்கையடித்துச் சோதிக்கலாம்.

திறன் பெருக்கி

கவனக்குறைவால் அதிகம் எரிவது ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டராகும். இதன் உலோக முதுகு டிரெயின் முனையுடன் இணைந்தது. மைக்கா தகடின்றி, தரையிணைப்புள்ள வெப்பந்தணிக்கும் உலோகத்தில் திருகினால் குறுக்குச்சுற்று ஏற்படும். கேட் மின்னழுத்தத்தைச் சுழியத்தில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும். பேசாமலேயே மின்னோட்டம் திடீரென ஏறினால் பெருக்கி தானே அலைவுறுகிறது. உள்ளீட்டு, வெளியீட்டுக் கம்பிகள் நீளமாகவோ ஒன்றையொன்று நெருங்கியோ இருப்பது இதற்குப் பொதுவான காரணம்.

சோதனையை ஆண்டெனாவில் நடத்தாமல் 50 ஓம் போலிச்சுமையில் நடத்த வேண்டும். 200 ஓம், 2 வாட் கார்பன் மின்தடையங்கள் நான்கைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம், 8 வாட் சுமை கிடைக்கும். கம்பி சுற்றிய மின்தடையங்கள் மின்தூண்டலும் உடையவையாதலால் இதற்கு ஏற்றவையல்ல. பிறர் பேசும் அலைவரிசையில் இடையூறு நேராதிருக்கவும் இதுவே வழி. இந்தியாவில் ஆண்டெனா வழியே அலைபரப்ப அமெச்சூர் உரிமம் தேவை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வோர் அளவையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று. இரு உறுப்புகளை ஒருசேர மாற்றிக் கருவி இயங்கத் தொடங்கினால் பழுது நீங்கலாம். எது பழுது என்பது அறியப்படாமலே போகும்.