டெல்லி முகட்டுக் காடு: சீமைக்கருவேலத்தை வெட்டாமல் விரட்ட முடியுமா?

குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்னால், சாலையின் இருபுறமும் அடர்ந்து நிற்கும் பச்சையைப் பார்க்கும் எவரும் அதைப் பழங்காடு என்றே நினைப்பார்கள். டெல்லிக்காரர்கள் ‘ரிட்ஜ்’ என்று சொல்லும் இந்த முகடு, ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. பெரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் வேட்டை மாளிகைகள் கட்டிக்கொண்ட இடம். 1857 முற்றுகையின்போது பிரிட்டிஷ் படை முகாமிட்டது இதன் வடக்குப் பகுதியில்தான்.

இன்று அது நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. வடக்கில் 87 ஹெக்டேர், நடுவில் 864, மெஹ்ரோலிப் பக்கம் 626, தெற்கில் 6,200. கூட்டினால் 7,777. அச்சுப்பிழை இல்லை, 1994இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது வந்த கணக்கே அதுதான்.

நடு முகட்டுக்குள் இறங்கி நடந்தால் வேறு காட்சி. எங்கு திரும்பினாலும் பெரும்பாலும் ஒரே மரம். உள்ளூரில் விலாயதி கீக்கர். நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம். தென் அமெரிக்காவும் மெக்சிகோவும் இதன் தாய்நிலம். விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து விதைத்தது அன்றைய சென்னை மாகாணத்தில். அதன்பின் சில பத்தாண்டுகளில் டெல்லிக்கும் போனது. புதிய தலைநகரத்துக்குப் பசுமையான பின்னணி தேவைப்பட்டது. ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகிவிட்ட பாறை மேட்டில் எது வேகமாக வளருமோ அதை ஊன்றினார்கள். அன்றைய கணக்கில் அது வெற்றிதான்.

பிறகு நடந்ததை ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றைத் தின்ற ஆடுமாடு போகுமிடமெல்லாம் விதை போனது. ஆழ வேரோடும் இந்த மரத்தின் நிழலிலும் சருகிலும் மற்ற விதைகள் தலைதூக்குவது கடினம். அந்த நிலத்துக்கே உரிய புரசு, வெள்வேலம், கருங்காலி, இலந்தை, மொட்டைப் பாறையிலும் பிழைக்கக்கூடிய தௌ மரம் எல்லாம் மெல்ல ஒதுங்கின.

வெட்டி எறிந்தால் என்ன? வெட்டிய அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க இயந்திரம் இறக்கினால், பாறைமேல் படிந்திருக்கும் கொஞ்ச மண்ணும் மழையில் போய்விடும். மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் 2017 உத்தரவுக்குப் பிறகு நம் கண்மாய்களில் பொக்லைன் ஓடியதையும், மறுமழையில் பல இடங்களில் பழையபடி முளைத்ததையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது பறவை கூடு கட்டுவதும், நீலமான் ஒதுங்குவதும், நகரம் நிழல் பெறுவதும் இதே மரத்தில்தான். ஒரே நாளில் அகற்றினால் அவை போக வேறிடமில்லை.

அதனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் சி.ஆர். பாபுவின் குழு வேறு வழி பிடித்தது. மரத்தை விட்டுவிட்டுக் கிளைகளை மட்டும் கழிப்பது. கவிகை திறந்து வெயில் தரையைத் தொட்டதும், அந்த இடைவெளியில் நாட்டு மரக்கன்றும் புல்லும் புதரும் சேர்த்து நடுவது. கன்று வளர வளர இன்னும் கொஞ்சம் கழிப்பது. நாட்டு மரம் தலைக்கு மேல் போய்விட்டால் நிழலுக்குள் அகப்படுவது சீமைக்கருவேலத்தின் முறை. வெயில் கிடைக்காமல் அது நொடிந்துபோகும். எதிரியின் உத்தியையே அதன்மேல் திருப்புகிறார்கள்.

இது காகிதக் கனவு அல்ல. வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா, கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்த 692 ஏக்கர். டெல்லி வளர்ச்சி ஆணையமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000களின் நடுவிலிருந்து அதை மீட்டு வருகின்றன. குளிர்ச்சியும் ஈரமும் தங்கும் குழிகளை மூடாமல், பெரணிகளுக்கும் ஆர்க்கிட்களுக்கும் வீடாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. நடு முகட்டில் சுமார் 420 ஹெக்டேரை இதே பாணியில் மீட்கும் திட்டத்துக்கு டெல்லி அரசு 2021இல் ஒப்புதல் தந்தது.

ஒப்புதல் எளிது. நட்ட கன்றுக்கு முதல் சில கோடைகளிலாவது தண்ணீர் வேண்டும். கழித்த கிளை மறுபடி துளிர்க்க, ஆண்டுதோறும் திரும்பி வந்து கழிக்க வேண்டும். குரங்கும் மாடும் தீயும் அண்டாமல் காவல் வேண்டும். இதற்கெல்லாம் பத்து, பதினைந்து ஆண்டு ஒரே ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டும். ‘இத்தனை லட்சம் கன்று நட்டோம்’ என்ற அரசு விளம்பரங்களில் இந்தக் கூலிக்கணக்கு வருவதே இல்லை.

எல்லைத் தகராறு தனிக்கதை. 1994 அறிவிப்பு வெறும் தொடக்கநிலை அறிவிப்பு. ஆக்கிரமிப்பு, உரிமை வழக்குகளால் இறுதி அறிவிக்கை பல்லாண்டுகள் இழுத்தது. 2024இல் தெற்கு முகட்டில் சாலை அகலப்படுத்த நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. இது நீதிமன்ற அவமதிப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. வெட்டியது அதே டெல்லி வளர்ச்சி ஆணையம்.